கேன்சர் இல்லை, புழுதான்!

மாரித்தாயை நம்பியிருக்கும் சொந்தங்களே, இதை உங்களுக்காக எழுதுகிறேன். பயத்தில் அல்ல, சந்தோஷத்தில்!

சேந்தமங்கலம் பக்கம் தோட்டத்திலேயே எங்கள் வீடு. நானும் என் கணவரும் மரவள்ளி போடுகிறோம். ஒரே மகள் யாழினி, ஆறு வயது. போன ஆடியில் அவள் பிறந்தநாளுக்குப் போனில் போட்டோ எடுத்தோம். படத்தில் அவளுடைய வலது கண்மணி மட்டும் வெள்ளையாக மின்னியது. மனசுக்குள் ஏதோ உறுத்த, அவள் இடது கண்ணைப் பொத்தி, "இது எத்தன வெரலு சாமி?" என்று கேட்டேன்.

"வெரலு எங்கம்மா?" என்றாள்.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினோம்.

சேலத்தில் கண் டாக்டர் பார்த்தார். "கண்ணுக்குள்ள கட்டி மாதிரி இருக்குதுங்க. கேன்சரா இருக்கலாம். உடனே கோயமுத்தூர் கூட்டிட்டுப் போங்க. உயிரைக் காப்பாத்த கண்ணையே எடுக்க வேண்டி வந்தாலும் வரும்" என்றார். பஸ்ஸில் யாழினி என் மடியில் தூங்கிவிட்டாள். என் கணவர் கோவை வரும்வரை ஜன்னலை விட்டு முகத்தைத் திருப்பவே இல்லை.

கோவையில் பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் எடுத்தார்கள். வெளியே உட்கார்ந்து, "மாரியாத்தா, கண்ணு போனாலும் போகட்டும், புள்ளயக் குடு" என்று வேண்டினேன். வேண்டியதும் மனசு ஒப்பவில்லை. "இல்ல தாயே, ரெண்டையும் குடு! எதையும் உட்டுத் தரமாட்டேன். இந்த டாக்டருங்க வாயில வந்து நீயே பேசு!" என்று அவளோடு சண்டையே போட்டேன்.

கதவு திறந்தது. பெரிய டாக்டரம்மா வந்தார். அதுவரை யாருமே கேட்காத ஒன்றைக் கேட்டார். "கொழந்த மண்ணுல வெளையாடுவாளா? வீட்டுல நாய், பூனை ஏதும் இருக்குதா?"

"நாயெல்லாம் இல்லீங்க. மாட்டுக் கொட்டாய்ப் பரண்ல மரநாய் ஒண்ணு குடியிருக்குதுங்க" என்றார் என் கணவர்.

யாழினி முந்திக்கொண்டாள். "அது போடற கொட்டையெல்லாம் பொறுக்கி நான் சோறாக்குவேனே!"

பூனை மாதிரி இருக்கும் மரநாய் பழம் தின்று, கீழே ஒரே மூலையில் கழியும். எச்சம் முழுக்கக் கொட்டையாகக் கிடக்கும். அதைத்தான் சொப்புச் சாமானில் போட்டு இவள் சமைத்திருக்கிறாள்! அதே கையை வாயிலும் வைத்திருக்கிறாள்!

"கேன்சர்னு இப்ப முடிவு பண்ண வேண்டாம். ஸ்கேன் பாத்தாலும் அது கேன்சர் மாதிரி எனக்குத் தோணல" என்றார் டாக்டரம்மா. "இந்த மாதிரி பிராணிங்க எச்சத்துல உருண்டைப்புழு முட்டை இருக்கும். வாய் வழியா உள்ள போனா, பொரிச்ச புழு ரத்தத்தோட கண்ணு வரைக்கும் போயிடும். ரத்த டெஸ்ட் வரட்டும்."

வந்தது. புழுதான்! கேன்சர் இல்லை! பிள்ளையின் கண்ணில் புழு என்று கேட்டுக் கைதட்டிய தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். "ஆத்தாதானுங்க உங்க வாயில வந்து கேட்டா!" என்று டாக்டரம்மாவைக் கும்பிட்டேன். அவர் சிரித்தார். "யார் கேட்டா என்னம்மா, மருந்த ஒழுங்காக் குடுங்க."

மாதக்கணக்கில் மாத்திரை, சொட்டு மருந்து. அந்தக் கண்ணில் போன பார்வை முழுதும் திரும்பவில்லை, அதை மறைக்க மாட்டேன். பெரிய எழுத்தைப் படிக்கிறாள், பொடி எழுத்து தெரியவில்லை. ஆனால் கண் இருக்கிறது! பிள்ளை இருக்கிறாள்! நான் கேட்ட இரண்டையும் தாய் கொடுத்துவிட்டாள்.

மரநாய் வெளியே போன நேரம் பார்த்து என் கணவர் பரணையும் அந்த மூலையையும் சுத்தம் செய்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, வலையடித்து அடைத்தார். முன்பெல்லாம் பண்டிகைக்கு மட்டும் கோயிலுக்குப் போவேன். இப்போது வெள்ளி தவறுவதில்லை. பூஜை முடிந்ததும் அங்கே வரும் தாய்மார்களிடம் இதைத்தான் சொல்கிறேன். பிள்ளைகள் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் எங்கள் கோயிலில் இப்போது பிரசாதம்!

போன வெள்ளி நாமகிரிப்பேட்டையிலிருந்து வந்த ஒரு தாய் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, எம் பையன் தலையச் சாய்ச்சே டிவி பாக்கறானுங்க. ஆஸ்பத்திரி போக பயமா இருக்குதுங்க" என்று அழுதாள்.

"நான் வாரேன் கண்ணு, அழுவாத" என்றேன்.

நாளைக் காலை அவளோடு கோவைக்குப் புறப்படுகிறேன். அந்தப் பையனுக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். பயத்தோடு இருப்பவர்கள் யாரானாலும், தாயைக் கூப்பிட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுங்கள். அவள் கூடவே வருவாள்!