இரவல் குரல்

நகோன் சவான் சந்தையில் சங்வியனின் முகம் தெரியாதவர் யாருமில்லை. பன்னிரண்டு வருஷமாக, நாற்பது படங்களில், விதவைகளை மிரட்டி, வயல்களை வளைத்துப் போட்டு, கடைசி ரீலில் செத்துப்போகிற மனுஷன். அம்மைத் தழும்பு விழுந்த கன்னம், அகன்ற தாடை, ஐம்பத்திரண்டு வயது. மீன்காரிகள் அவரைக் கண்டால் கத்தியை ஆட்டித் திட்டுவார்கள். திட்டி முடித்ததும் ஆசையாகக் கேட்பார்கள்.

“ஒரு தடவ பேசிக் காட்டுய்யா!”

அவர் பேசுவார். அவர்கள் முகம் தொங்கிவிடும்.

“ஐயே, என்னய்யா இது, பூனைக்குட்டி கத்துற மாதிரி! அந்த உறுமல் எங்க?”

அந்த உறுமல் அவருடையதில்லை. அந்தக் காலத்துத் தாய்லாந்துப் படங்களில் சத்தமே கிடையாது. திரையில் உதடுதான் அசையும். படம் ஓடுகிற ஊரில் புரொஜெக்டர் அறைக்குள் உட்கார்ந்து ஒரு ஆள் மைக்கில் எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசுவான். நகோன் சவானில் அந்த ஆள் புன்லூ. மண்பானையைத் தரையில் இழுப்பதுபோல ஒரு கரகரப்பைச் சங்வியனுக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவன் அவன்தான். அது பிடித்துப்போய், மற்ற ஊர்க்காரர்களும் அதையே காப்பியடித்தார்கள்.

சங்வியன் வெறுங்கையோடு சினிமாவுக்கு வந்தவரில்லை. யுத்த காலத்தில் வெளிநாட்டுப் படங்கள் வராமல் நின்றபோது பாங்காக்கில் நாடகம் கொடிகட்டிப் பறந்தது. இருபத்தைந்து வயதில் அவர் கிழட்டுத் தகப்பன் வேஷம் கட்டினார். அந்த மெல்லிய குரலில் மகளை வழியனுப்பினால் பாதிக் கொட்டகை அழும். யுத்தம் முடிந்தது, படங்கள் திரும்பி வந்தன, கொட்டகைகளைப் பூட்டினார்கள். சினிமா அவர் தாடையை எடுத்துக்கொண்டு தொண்டையை வேண்டாம் என்றுவிட்டது. புன்லூவைச் சந்தையில் பார்த்தால் சிரிப்பார். உள்ளுக்குள் அவனைக் கரித்துக்கொட்டுவார். என் வாயைத் திருடியவன் என்று வீட்டில் சொல்லாத நாளில்லை.

இப்போது சினிமாவுக்கும் வாய் வந்துவிட்டது. தயாரிப்பாளர் கிம்ஹெங் அடுத்த படத்தை ஒலியோடு எடுக்கப்போகிறார். சங்வியன் அவரிடம் போய் நின்றார்.

“முதலாளி, நானே பேசறேன்.”

கிம்ஹெங் வியாபாரி. தலையைச் சொறிந்தார். “உன் குரல ஜனங்க ஏத்துக்கணுமேய்யா. ஒண்ணு பண்ணு. ஞாயித்துக்கிழம மத்தியான ஆட்டத்துக்கு உன் பழைய படம் போடறோம். வில்லனுக்கு நீ பேசு, மத்தவங்களுக்குப் புன்லூ பேசட்டும். ஜனங்க பேசாம உக்காந்து பாத்தா புதுப் படத்துல நீயே பேசிக்கோ. கலாட்டா பண்ணுனா உனக்குப் புன்லூதான் குரல். சரியா?”

சரி என்று சொல்லத்தான் முடிந்தது.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. மேலே அறையில் இரண்டு முக்காலி, ஒரு மைக், கொதிக்கிற புரொஜெக்டர். புன்லூ மல்லிகைச் சரத்தை மைக்கின் கழுத்தில் மாட்டிக் குருவைக் கும்பிட்டான். சங்வியனும் கும்பிட்டார்.

“அண்ணே, தண்ணி குடிங்க. உதட்டப் பாத்துப் பேசுங்க, அவ்வளவுதான்,” என்றான் புன்லூ. ஒலிப்படம் வந்தால் அவன் பிழைப்புக்கும் ஆபத்துதான். அதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

முதல் ரீலில் வில்லன் விதவையின் வாசலில் வந்து நின்றான். சங்வியன் தன் சொந்தக் குரலில் பேசினார். மெதுவாக, நிதானமாக, ஒவ்வொரு சொல்லிலும் நஞ்சு சொட்ட. நல்ல நடிப்பு அது, நான் சொல்கிறேன். கீழே தர்பூசணி விதை கொறிக்கும் சத்தம் சட்டென்று நின்றது.

“யாருடா அது? வில்லனுக்குக் காய்ச்சலா?”

கொட்டகை சிரித்தது. இரண்டாவது ரீலில் சிரிப்பு கோபமானது.

“புன்லூ, தொண்டையில மீன்முள்ளு சிக்கிருச்சா?”

“எங்க ஆளோட குரலக் கொண்டாங்கடா! இல்லாட்டி காசைத் திருப்பிக் குடு!”

மரநாற்காலிகளைத் தட்டினார்கள். திரையில் ஒரு செருப்பு போய் விழுந்தது. கிம்ஹெங் கீழே கடைசி வரிசையில், கையைக் கட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமல் ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புன்லூ மைக்கைக் கையால் பொத்தினான். “அண்ணே, நான் எடுத்துக்கட்டுமா? கொட்டகைய உடைச்சிடுவாங்க.”

சங்வியன் அவன் கையை விலக்கினார். இப்போது விட்டால் சாகிறவரை இந்த வாய் ஊமைதான். திரையில் வில்லன் வாயைத் திறந்தான். சங்வியனின் தொண்டையில் மண்பானை தரையில் இழுபட்டது. அதே கரகரப்பு, அதே மூச்சு, வாக்கியத்தின் கடைசியில் வருகிற அதே இருமல். பன்னிரண்டு வருஷம், திருவிழாத் திடல்களில் படம் ஓடும்போதெல்லாம் பின்வரிசையில் நின்று, வயிறெரிய வயிறெரிய, அவர் அதைக் கேட்டிருந்தாரே. புன்லூ முக்காலியில் திரும்பி அவரையே பார்த்தான்.

கொட்டகை விசிலடித்தது. “வந்துட்டான்டா நம்ம ஆளு!”

கடைசி ரீலில் வில்லன் சாகும்போது தம்பியிடம் மன்னிப்புக் கேட்பான். அந்த இடத்திலாவது தன் குரலில் பேசிவிட வேண்டும் என்று சங்வியன் நினைத்தார். கீழே அவ்வளவு அமைதி. துணிச்சல் வரவில்லை. உறுமிக்கொண்டே மன்னிப்புக் கேட்டுச் செத்தார். பெண்கள் மூக்கைச் சிந்துவது மேலே வரை கேட்டது.

கிம்ஹெங் படியேறி வந்தார். “பாத்தியா சங்வியன்? புன்லூ வாயத் திறந்தப்புறந்தான் கொட்டகையே அடங்குச்சு. பேசுனபடி புதுப் படத்துல அவன்தான் உனக்குக் குரல்.”

சங்வியன் தலையைக் குனிந்துகொண்டார். தோற்றது தோற்றதுதான்.

புன்லூவுக்குத் தொழிலில் ஒரு ரோஷம் உண்டு. அடுத்தவன் வாங்கிய கைதட்டலை மடியில் கட்டிக்கொள்ள மாட்டான். யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

“நான் வில்லனுக்கு வாயே திறக்கல முதலாளி. அவ்வளவும் அண்ணன் பேசுனது.”

கிம்ஹெங் அவர்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். “அடப்பாவி! இத முன்னாடியே பேசித் தொலச்சிருக்கலாமே! அப்ப ஒரே ஆளா முடிஞ்சுது வேல. இதே குரல், கொஞ்சமும் மாறக் கூடாது. சம்மதமா?”

வேண்டாம், அது என் குரலில்லை என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. சங்வியன் அந்த நொடியை விட்டுவிட்டார்.

“சம்மதம், முதலாளி.”

கிம்ஹெங் இறங்கிப் போனார். புன்லூ ரீலைச் சுற்றத் தொடங்கி, பாதியில் நிறுத்தினான்.

“அண்ணே,” என்றான். கோபமாகக்கூட இல்லை, விவரம் கேட்கிறவனைப்போல. “அத நீங்க எடுத்துக்கிட்டீங்க. இனிமே நான் எதுல பேசறது?”

சங்வியன் பதில் சொல்ல வாயெடுத்தார். எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார்.