டிரேசரின் நிறம்

கணினியில் போர்விமானம் ஓட்டும் விளையாட்டு ஒன்றில், இருளில் ஒளிக்கோடாகப் பாயும் டிரேசர் தோட்டாக்களை மெய்போலத் திருத்துவது என் பொழுதுபோக்கு. எல்லையில் ராணுவப் பணியிலிருக்கும் அக்காவின் கணவருக்கு அந்தக் காட்சியை அனுப்பி, சரியா என்று கேட்டேன். மாலையில், திண்டுக்கல் வீட்டில் அக்கா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, மச்சானின் குரல்பதிவு வந்தது.

“இம்புட்டு நேரா போகாது மாப்ள, கொஞ்சம் வளஞ்சு விழும். நெறம் அப்படியேதான். ஒங்கக்காகிட்ட மட்டும் காட்டிராத.”

குரலைக் கேட்டு அக்கா என் பின்னால் வந்து நின்றிருந்தாள். கோபிப்பாள் என்று நினைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்தாள்.

“லீவுல வந்தாலும் வாயத் தொறக்க மாட்டாரு. அதப் போடு தம்பி. அவரு பாக்குறத நானும் பாக்குறேன்.”

கோடுகள் வளைந்து விழும்படி திருத்திக் காட்டினேன். அவள் இமைக்கவில்லை. அதன்பின் அந்த ஒளியை என்னால் விளையாட்டாகப் பார்க்க முடியவில்லை. மச்சான் வரும் நாளுக்காக நானும் ஏங்குகிறேன்.