இலையா, ஸ்பிரிட்டா?

குழாயை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறாள் முட்டையக்கா. முகமூடிக்குள் உதடு முணுமுணுக்கிறது. "வந்துட்டியா, இல்ல ஒளிஞ்சிருக்கியா?" கேட்பது காசநோய்க் கிருமியிடம்.

அந்தக் கிருமி வளர முட்டைக்கூழ் வேண்டும். வாரம் நான்கு டஜன் முட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, உடைத்து, பச்சைச் சாயம் கலந்து, குழாய்களில் ஊற்றிச் சாய்த்து வேகவைப்பாள். ஆய்வகத்தில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது அப்படித்தான். வீட்டில் யாராவது ஆம்லெட் என்றால் எழுந்து போய்விடுவாள். கூழில், மூலிகையை ஸ்பிரிட்டில் ஊறவைத்து எடுத்த சாறும் சேர்த்துக் கிருமியை விடுவாள். மூலிகைக்குச் சக்தி இருந்தால் கூழ் சுத்தமாக இருக்கும். இல்லையென்றால் மஞ்சளாகப் பொருக்குத் தட்டும். தெரிய ஆறு வாரம். பால் பொங்கும்வரை அடுப்படியில் நிற்கப் பொறுமையில்லாதவளுக்கு வாய்த்த வேலை இது.

போன திங்கட்கிழமை, வரிசையாகச் சோதித்த மூலிகைகளில் பதினோராம் இலையின் குழாய் பளிச்சென்று இருந்தது. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. அதே நோய்க்கு மாத்திரை தின்றுகொண்டு அவள் வீட்டில் தங்கியிருக்கும் தம்பிக்குப் போன் போட்டாள். "டேய், எலை கொல்லுதுடா! ஒரு பொட்டுகூட வளரல!"

அப்புறம்தான், ஒப்பிடுவதற்காக இலை சேர்க்காமல் வெறும் ஸ்பிரிட் விட்ட குழாயை எடுத்தாள். அதுவும் பளிச்.

கொன்றது இலையா, இலையை ஊறவைத்த ஸ்பிரிட்டா? ஸ்பிரிட் கூடிவிட்டதா? கிருமி மட்டும் விட்ட குழாயில் பொருக்கு இருக்கிறது, ஆக கிருமிமேல் குற்றமில்லை. குறிப்பேட்டில் அளவைத் தேடினால், அவள் கையெழுத்து அவளுக்கே விளங்கவில்லை. "மறுபடி ஆறு வாரம்" என்று சொல்லிவிட்டு மேலதிகாரி சாப்பிடப் போய்விட்டார்.

வியாழக்கிழமை வீடு திரும்பியபோது, தம்பியின் மூன்று நாள் மாத்திரைகள் அட்டையிலேயே கிடந்தன.

"குடலப் பிரட்டுதுக்கா. எலைதான் கொல்லுதுன்னு நீயே சொன்னியே. ரெண்டு கைப்பிடி கொண்டாயேன்."

"எலையா ஸ்பிரிட்டான்னு எனக்கே ஒண்ணும் புரியலடா."

"அப்ப எலையாவும் இருக்கலாம்ல?"

இருக்கலாம். வாய் சும்மா இருந்திருந்தால் இந்தப் பிள்ளை மாத்திரையை விட்டிருக்க மாட்டான் என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது. அட்டையை எடுத்து, அன்றைய மாத்திரைகளைப் பிதுக்கி, அவன் உள்ளங்கையில் வைத்தாள். டம்ளரை நீட்டினாள். முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினான்.

"வாயத் தொற" என்றாள். திறந்தான். நாக்குக்கு அடியில் விரலை விட்டுத் துழாவினாள்.