பூவரச மூலைக்கு அடித்த பந்து

எங்கள் வீட்டு அலுமாரியின் மேல்தட்டில், மடிப்புக் கலையாமல், பதினேழாம் இலக்கம் போட்ட வெள்ளை ஜேர்சி ஒன்று இருக்கிறது. ஜேர்மனியின் தேசிய மகளிர் அணிக்காக அக்கா அணிந்து ஆடியது. ஊருக்கு வந்த அன்றே எனக்கென்று எடுத்துத் தந்தார். ஆறு வருடமாகிறது. ஒரு நாளும் நான் அதைப் போட்டதில்லை.

அக்கா என் பெரியம்மாவின் மகள், ஜேர்மனியிலேயே பிறந்தவர். முல்லைத்தீவுக் கடற்கரையில் நான் வெறுங்காலோடு பந்தடித்துத் திரிந்த காலத்தில் அவர் புல்தரையில் முறைப்படி பழகினார். பெண்பிள்ளை பந்தடித்தால் முகம் சுளிக்கும் எங்கள் சொந்தங்கள், அவர் தேசிய அணிக்குத் தெரிவானதும் ஒரே நாளில் கால்பந்து நிபுணர்களாகிவிட்டார்கள். மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டே ஓஃப்சைட் பற்றி வாதாடினார். அக்கா மூன்று ஆட்டங்கள் ஆடினார். மூன்றையும் கைபேசியில் பார்த்து அழுதேன். அந்த அழுகையில் பொறாமையும் கொஞ்சம் இருந்தது.

பெரியம்மாவுக்கு ஒரு நேர்த்திக்கடன் இருந்தது. மகள் அந்த அணியில் ஆடினால், எங்கள் ஊர் அந்தோனியார் கோயில் வளவில் வந்து பந்தடிப்பாள் என்று. மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்திருந்தால் என்ன குறைந்திருக்கும் என்று இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வரும். வெளியே எங்கும் விளையாடக் கூடாதென்று பயிற்சியாளர் சொல்லித்தான் அனுப்பியிருந்தாராம். கோயில் பெருநாளுக்குப் பெரியம்மாவோடு வந்த அக்கா தாயின் முகத்தைப் பார்த்தார். "ஐஞ்சு நிமிஷம் மட்டும்தான், என்ன?" என்று என்னிடம் சொல்லிவிட்டு இறங்கினார்.

வளவின் பூவரச மூலையில், யுத்த காலத்தில் எங்கள் குடும்பம் பதுங்கியிருந்த பங்கர் ஒன்று இருந்தது. பிறகு அப்பாவும் நானும் அதை மண் போட்டு மூடினோம். மாரிக்கு மாரி அந்த மண் உள்வாங்கும். மேலே புல் மட்டும் மூடியிருக்கும். அப்பா காலமான பிறகு அந்த மண் உள்வாங்குவது எனக்கு மட்டும்தான் தெரியும். பங்கர் என்று சொன்னால் பிள்ளைகள் தோண்டிப் பார்ப்பார்கள் என்று, பாம்பு இருக்கிறதாகச் சொல்லி அவர்களை அந்தப் பக்கம் விடுவதில்லை. அன்றைக்கு அக்காவோடு ஒரே அணியில் ஆடிய புளுகத்தில், அந்தச் சந்தோஷத்தில், எனக்குத் தலைகால் தெரியவில்லை. இடது பக்கத்தால் அவர் ஓடுவதைக் கண்டதும், கைபேசியில் பார்த்த மாதிரியே, மூலைக்கு நீளமாக ஒரு பந்தை அடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு திறமாக நான் அடித்ததில்லை. அதை எடுக்க ஓடியவரின் வலது கால் முழங்கால்வரை மண்ணுக்குள் இறங்கியது. உடம்பு மட்டும் ஓடிய திசையிலேயே போனது.

"சின்னப் பள்ளம்தானே, ஒண்டுமில்லை" என்றார். முகம் வெளிறியிருந்தது.

இரண்டு தரம் முழங்காலில் சத்திரசிகிச்சை செய்தார்கள். அணியிலிருந்து பிறகு அழைப்பு வரவேயில்லை. இப்போது ஒரு காப்புறுதி அலுவலகத்தில் கதிரையில் இருந்து வேலை செய்கிறார். படி ஏறக் கைப்பிடி வேண்டுமாம். பெரியம்மா கோயிலுக்குப் போவதையே விட்டுவிட்டார். "தந்தவரும் அந்தோனியார், பறிச்சவரும் அந்தோனியார்" என்று தொலைபேசியில் அவர் அழுதபோது நானும் ஓம் என்று ஒத்துக்கொண்டேன். பங்கரைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் பிழையை அந்தோனியார் தலையில் போட்டுவிட்டு இருக்கிறேன்.

போன கிழமை அக்கா அழைத்தார். வளவில் பிள்ளைகள் இன்னும் விளையாடுகிறார்களா என்று கேட்டார். விளையாடுகிறார்கள் என்றேன். அங்கே இப்போது மாடுகள்தான் நிற்கின்றன. பிறகு சொன்னார்: "அண்டைக்கு அந்தப் பந்து நல்லா வந்தது. ஆர் அடிச்சது எண்டு எனக்கு ஞாபகம் வரேல்லை. நீயோ?"

எனக்கும் ஞாபகமில்லை என்றேன். அலுமாரிக் கதவு திறந்திருந்தது. எழுந்து போய் அதை மூடினேன்.