சுத்தமான திரை

அவர் பெயர் மறந்துவிட்டது; கைக்குட்டை மறக்கவில்லை. எங்கள் கீபோர்டைத் தொடும்போதெல்லாம், அதில் வெடிமருந்து ஒட்டியிருப்பதுபோல, முதலில் அதைத் துடைப்பார்.

தீபாவளி சீசனில், வெம்பக்கோட்டை ஆலையில் பதியும் ஆர்டர்களில் பாதி எங்கள் சிவகாசி ஆபீசுக்கு வந்து சேரவில்லை. காரணம் கண்டுபிடிக்க முதலாளி கம்ப்யூட்டர் நிபுணரான அவரைச் சென்னையிலிருந்து வரவழைத்தார். அவர் ஆபீஸ் சர்வரில் ஒரு சர்வீஸை, அதாவது பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு புரோகிராமை, ஓடவிட்டார். எந்த ஆர்டர் எங்கே தடுக்கி விழுந்தது என்ற தடயத்தை எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் நெட்வொர்க் வழியாக அது சேகரிக்குமாம்.

திரையில் ஒன்றுமே வரவில்லை.

"பாத்தீங்களா, ஒரு எரர்கூட இல்லை," என்றார்.

"பத்த வச்ச வெடி வெடிக்கலேன்னா இங்கன யாரும் கிட்டப் போக மாட்டோம் சார். நீங்க நல்லாருக்குன்னு சொல்றீக," என்றேன்.

அவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டு கிளம்பினார்.

பிறகு நான் அந்த சர்வீஸின் செட்டிங்கைத் திறந்து பார்த்தேன். அந்த மேதை, சர்வீஸ் ஓடும் அதே சர்வரிலிருந்து வருவதை மட்டுமே அது வாங்கிக்கொள்ளும்படி ஒரு வரி எழுதி வைத்திருந்தார். ஆலையிலிருந்து எது வந்தாலும் உள்ளே விடாது. அந்த வரியை மாற்றினேன். திரை முழுக்கச் சிவப்பு எரர்கள் வந்து கொட்டின.

முதலாளி முறைத்தார். "அவுக வச்சிட்டுப் போனப்ப சுத்தமா இருந்துச்சு. ஏலே, நீ எதைப் போட்டு நோண்டுன?"

மறுநாள் அவரே திரும்ப வந்தார். கீபோர்டைத் துடைத்தார், வரியைப் பழையபடி மாற்றினார். சிவப்பு மறைந்தது. முதலாளி எழுந்து கும்பிட்டார்.

அந்த நேரம் ஆலையிலிருந்து போன் வந்தது: இன்னும் நாலு ஆர்டரைக் காணோம். சென்னைக்காரர் அப்போதும் திரையைத்தான் காட்டினார். அந்த முகத்தில் இருந்த நிம்மதி எனக்கு ஒருநாளும் வாய்த்ததில்லை.