லிஃப்டை ஒட்டி ஓர் இடம்

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் சூஃபி ஞானம் பற்றி ஒரு சொற்பொழிவைக் கேட்டுவிட்டு வந்தார். 'நான்' என்பதை அழித்தால்தான் உண்மை தெரியுமாம். அடுத்த கூட்டத்தையே 'நான்' இல்லாமல் நடத்திவிடுவது என்று தீர்மானித்தார். கூட்டுறவுத் துறையில் வாழ்நாளெல்லாம் கூட்டம் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். விதியை எழுதிக் கொடுத்தேன். எந்த உறுப்பினரும் தமக்கென்று எதுவும் கேட்கக் கூடாது. பிறருக்காக மட்டும் பேசலாம்.

பேச வேண்டிய விஷயம் ஒன்றுதான். மூன்றாம் மாடி அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை ஆகியிருந்தது. அவர்கள் காருக்கு ஒதுக்கிய இடமோ காம்பவுண்டின் கடைசி மூலை. லிஃப்டை ஒட்டிய இடம் கிடைத்தால் அவ்வளவு தூரம் நடக்க வேண்டாம். அந்த இடத்தில் என் கார் நின்றது.

"நீங்க சொல்லுங்க."

"அட, நீங்க சொன்னா சரிதானுங்க."

கொங்கு மரியாதையோடு ஞானமும் சேர்ந்தால் கூட்டம் எங்கே நகரும்? அந்த அம்மாவுக்காகப் பேசினால், எதிரே உட்கார்ந்திருக்கும் என்னிடமிருந்து பிடுங்குவதாகிவிடும். முகத்துக்கு நேராக அதைச் செய்ய எங்கள் ஊரில் ஆள் கிடையாது.

கடைசியில் அந்த அம்மாவே வாய் திறந்தார். "ஏனுங்க, எனக்கு அந்த இடம்..."

செயலாளர் கைகூப்பினார். "'எனக்கு'ன்னு சொல்லக் கூடாதுங்க அம்மணி. விதிங்க."

விதி விதிதான் என்று நானும் தலையாட்டி, கூட்டத்தை ஒத்திவைக்க முன்மொழிந்தேன்.

தலைமுறைகளாகத் தர்காவுக்குப் போகும் குடும்பத்தைச் சேர்ந்த முதல் மாடியில் குடியிருக்கும் துணிக்கடைக்காரர் அப்போதுதான் பேசினார். "அந்த சூஃபிப் பெரியவங்க அவங்கவங்க 'நானை' அழிக்கச் சொன்னாங்க. நீங்க அந்தம்மாவோடதை அழிச்சுப்போட்டீங்களே!" என்னைப் பார்த்தார். "உங்க 'நான்' லிஃப்டுக்குப் பக்கத்துல வெள்ளைக் கலர்ல நிக்குதுங்க."

எல்லோரும் தரையைப் பார்த்துச் சிரித்தார்கள். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"நாளைக்குக் காலையில எடுத்துடறேனுங்க" என்றேன்.

"இப்பவே எடுத்துருங்க. மக காரோட கேட்டுலதான் நிக்கறா" என்றார் அந்த அம்மா.

எடுத்தேன். அதுவரை வாய் திறக்காத உறுப்பினர்கள் அத்தனை பேரும் பின்னால் நின்று, "வரலாம், வரலாம், இன்னும் வரலாமுங்க" என்று எனக்கு வழிகாட்டினார்கள்.

திரும்பி வந்து, 'உறுப்பினர் ஒருவர் தாமாகவே முன்வந்து இடத்தை விட்டுக்கொடுத்தார்' என்று தீர்மானத்தை எழுதினேன்.

"ஒருத்தர்னா யாருங்க? பேர் போட வேண்டாமுங்களா?" என்றார் செயலாளர்.

நடைமுறைப்படி போடத்தான் வேண்டும். பட்டத்தோடு சேர்த்துப் போட்டேன்.