பாதியில் நின்ற வசனம்

கண்புரை ஒப்பரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் வாசிக்கக் கூடாது என்று மச்சாளுக்கு டொக்டர் சொல்லிவிட்டார். மச்சாள் என் அண்ணாவின் மனைவி. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து பிளாட் ஒன்றில் தனியாக இருக்கிறார். பின்னேரங்களில் பாமன்கடையிலிருந்து நடந்து போய் அவருக்கு ஒரு நாவலை வாசித்துக் காட்டினேன். நண்பர்களாக இருந்த இரண்டு பேர் ஜனாதிபதிக் கதிரைக்காக ஒருவரையொருவர் விழுத்தப் பார்க்கும் கதை.

முதல் பாதியை ரசித்தோம். மற்றவனின் மகள் கலியாணத்துக்குப் போன ஒருவன், அவனைக் கட்டிப்பிடித்து வாழ்த்திவிட்டு வாசலில் நின்றே அவனுடைய ஆட்களை விலை பேசுகிறான். அந்த இடத்தில் மச்சாள் வாய்விட்டுச் சிரித்தார்.

பிறகு ஒரு தேர்தல் கூட்டம் வந்தது. வேட்பாளர் மேடையில் பேசுகிறார். சனத்துக்குள்ளிருந்து ஒருவன் முன்னுக்கு வருகிறான். நான் வாசிப்பதை நிறுத்தினேன்.

அண்ணா ஒரு பத்திரிகையில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். பல வருடங்களுக்கு முன், கொட்டாஞ்சேனைக் கூட்டமொன்றில் ஒரு வேட்பாளரின் சிங்களப் பேச்சை மேடையில் தமிழில் சொல்லும்படி கட்சிக்காரர் அவரைக் கேட்டார்கள். அந்தக் கட்சிக்கு அவர் ஒருநாளும் வாக்குப் போட்டதில்லை. கேட்டதற்காகப் போனார். குண்டு வெடித்தது. வேட்பாளர் காயத்தோடு தப்பி, தேர்தலிலும் வென்றார். அண்ணா அந்த இடத்திலேயே முடிந்துபோனார்.

முன்வரிசையில் இருந்த ஒருவர் செத்தவீட்டுக்கு வந்திருந்தார். குண்டு வெடித்தபோது "இந்த நாட்டில் இனி எந்தப் பிள்ளையும்" என்பது வரை அண்ணா தமிழில் சொல்லியிருந்தாராம். வேட்பாளர் முழு வசனத்தையும் சிங்களத்தில் சொல்லி முடித்திருந்தார்; ஆனால் வந்தவருக்குச் சிங்களம் தெரியாது. மிச்சம் என்னவென்று அவரால் சொல்ல முடியவில்லை.

"ஏன் நிப்பாட்டிட்டீர்?" மச்சாள் கேட்டார்.

"களைச்சுப் போச்சு. நாளைக்கு வாசிப்பம்."

"குண்டு வெடிக்கப் போகுது. அதுதானே? வாசியும்."

வாசித்தேன். வேட்பாளர் இரத்தத்தோடு எழுந்து கையசைத்தார். செத்தவர்களுக்கு ஒரு வரி. போட்டியாளன் செய்தியைக் கேட்டதும், தான் தோற்றுவிட்டதாகத் தன் ஆட்களிடம் சொன்னான்.

"மேடையில வேற ஆர் நிண்டது?"

முன்னும் பின்னும் புரட்டினேன். "ஒருத்தரையும் சொல்லேல்லை, மச்சாள்."

"வடிவாப் பாரும்."

"இல்லை."

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் ஜன்னல் பக்கம் திரும்பினார். "உம்மட அண்ணாவை மேடைக்குக் கூப்பிட்ட அந்த மனுசன் வெண்டாப்பிறகு எத்தினை தரம் டிவியில வந்தவர். ஒவ்வொரு தரமும் இருந்து பார்த்தனான். அந்த வசனத்தைத் திருப்பிச் சொன்னா முடிவைக் கேக்கலாமெண்டு."

"சொன்னவரோ?"

"இல்லை."

இத்தனை வருடத்தில் அவர் அதைப் பற்றி என்னிடம் கதைத்தது அன்றுதான். நாவலை முடித்தோம். காயப்பட்டவர்தான் வென்றார். "அது தெரிஞ்சதுதானே" என்று மச்சாள் தேத்தண்ணி ஊற்றப் போனார். கண் தெளிந்ததும் தானே வாசிக்கத் தொடங்கிவிட்டார்.

என்னைத்தான் அது விடவில்லை. போன கிழமை பாமன்கடைச் சந்தியில் ஒரு தேர்தல் கூட்டம். ஒலிபெருக்கியில் ஒருவர் சிங்களத்தில் ஒரு வசனம் சொல்லி நிறுத்தினார். தமிழ் வரும் என்று மரக்கறிப் பையோடு நின்றேன். அவர் அடுத்த வசனத்துக்குப் போனார், அதற்கடுத்ததற்கும். மொழிபெயர்க்க அவர்கள் யாரையும் கூட்டி வந்திருக்கவில்லை. அது விளங்கிய பிறகும், கூட்டம் கலையும்வரை நான் அங்கேதான் நின்றேன்.